படுக்கை நிறைந்தால் போதுமா?

ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு அரசு மருத்துவமனைகள். இரண்டிலும் 100 படுக்கைகள், ஆண்டுச் செலவு தலா 7.3 கோடி ரூபாய். எந்த நாளில் எண்ணினாலும் சராசரியாக 80 படுக்கைகளில் நோயாளிகள் இருப்பார்கள். அப்படியானால் நிறைந்த ஒரு படுக்கைக்கு ஒரு நாள் செலவு இரண்டிலும் 2,500 ரூபாய்தான். இரண்டும் சமம் என்றே தோன்றும்.

ஆண்டு முழுக்க எத்தனை பேர் டிஸ்சார்ஜ் ஆனார்கள் என்று கேட்டால் சாயம் வெளுக்கும். முதலாவதில் 7,300 பேர், இரண்டாவதில் 2,920 பேர். அங்கே ஒருவர் சராசரியாக 4 நாள் தங்குகிறார், இங்கே 10 நாள். ஆளுக்கு ஆகும் செலவு அங்கே 10,000 ரூபாய், இங்கே 25,000.

வளரும் நாடுகளில் இந்தச் செலவுக் கணக்கையே கண்டுபிடிப்பது பெரும்பாடு. சம்பளம் ஒரு துறையின் ஏட்டில், மருந்து இன்னொரு அலுவலகத்தில், கட்டடம் வேறொரு கணக்கில் இருக்கும். ஆனால் இரவு எத்தனை பேர் படுத்திருந்தார்கள், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்ற இரண்டும் வார்டுப் பதிவேட்டிலேயே கிடைத்துவிடும்.

கொலம்பிய மருத்துவமனைகளை ஆராய்ந்த பபோன் லாசோ, 1986இல் இந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தார். கிடை அச்சில், படுக்கைகள் எத்தனை சதவீதம் நிறைந்தன என்பது. செங்குத்து அச்சில், ஒரு படுக்கை ஆண்டுக்கு எத்தனை நோயாளிகளைக் கண்டது என்பது. ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு புள்ளி. சராசரிகளின் வழியே இரண்டு கோடுகள் போட்டால் தாள் நான்கு கட்டங்களாகும். இரண்டும் குறைந்தால் தேவைக்கு மீறிய படுக்கைகள். இரண்டும் உயர்ந்தால் நல்ல பயன்பாடு. அச்சுகள் சந்திக்கும் மூலையிலிருந்து ஒரு சாய்கோடு இழுத்தால், அதன்மேல் விழும் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் நோயாளிகள் தங்கும் சராசரி நாள் ஒரே அளவுதான். ஒரே புள்ளியில் மூன்று செய்திகள்!

படுக்கைகள் நிறைந்தும் நோயாளிகள் விரைவில் நகராத கட்டத்தில் விழுவதெல்லாம் குற்றமல்ல. மனநல மருத்துவமனையில் தங்கல் நீளத்தான் செய்யும். வந்தவர் குணமானாரா என்பதையும் புள்ளி சொல்லாது. எங்கே விசாரிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். பொது மருத்துவமனையில் 10 நாள் என்றால், காரணம் நோயாகவும் இருக்கலாம். வராத ஸ்கேன் ரிப்போர்ட்டாகவோ, வாரம் ஒருமுறை மட்டும் நடக்கும் அறுவை சிகிச்சையாகவோ, டிஸ்சார்ஜில் கையெழுத்திட வேண்டிய மருத்துவரின் விடுப்பாகவோகூட இருக்கலாம்.

நம் இரண்டாவது மருத்துவமனையில் அந்தக் காத்திருப்பில் 2 நாளைக் குறைத்தாலே, அதே படுக்கைகளில் ஆண்டுக்குக் கூடுதலாக 730 பேருக்கு இடம் கிடைக்கும். மருந்துச் செலவு சற்றுக் கூடும். புதுக் கட்டடம் வேண்டியதில்லை.