பாட்டியின் நடையும் நினைவும்

'முதுமை' பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர்கள் பலர் உடல் தளர்ச்சிக்கு ஒரு பத்தி, மறதிக்கு ஒரு பத்தி என்று பிரித்துவிடுகிறார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல! மருத்துவம் அப்படிப் பார்ப்பதில்லை.

முதலில் ஒரு சொல். முதுமை வேறு, நலிவு வேறு. 2001இல் லிண்டா ஃபிரீட் குழுவினர் நலிவுக்கு ஐந்து அறிகுறிகளைச் சொன்னார்கள்: முயலாமலே எடை குறைதல், எப்போதும் களைப்பு, கைப்பிடி பலவீனம், மெதுவான நடை, குறைந்த நடமாட்டம். மூன்று இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் தொடக்கம். எண்பது வயதிலும் நலிவில்லாதவர்கள் உண்டு.

சரி, இதற்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? நடப்பது கால் வேலை மட்டும் என்று நினைக்கிறோம். தடம் பார்ப்பது, சமநிலை காப்பது, வேகத்தை மாற்றுவது எல்லாம் மூளையின் வேலை. 1997இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பேச்சுக் கொடுத்ததும் சில முதியோர் நடையை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் கீழே விழுந்தார்கள். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் சமாளிக்க மூளையில் தெம்பு போதவில்லை.

மறுபக்கமும் உண்டு. மறதி உள்ளவர் சாப்பாட்டைத் தவறவிடுவார், வெளியே போகத் தயங்குவார். தசை கரையும். தசை கரைந்தால் இன்னும் வீட்டுக்குள்ளேயே இருப்பார். பேச ஆளில்லை, நினைவு மேலும் மங்கும். உடல் நலிவும் லேசான நினைவுக் குறைவும் சேர்ந்து, ஆனால் முதுமை மறதிநோய் இல்லாத நிலையை 2013இல் நிபுணர் குழு ஒன்று தனியாக வரையறுத்தது. இந்தக் கட்டத்தில் மீள வாய்ப்பு இருக்கலாம் என்பதால்தான் அந்த வரையறைக்கு மதிப்பு.

2015இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். நலிந்த, நலியத் தொடங்கிய முதியோர் 246 பேரைக் குழுக்களாகப் பிரித்தார்கள். சிலருக்குச் சத்துணவு, சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு மூளைப்பயிற்சி, சிலருக்கு மூன்றும். மூன்றும் பெற்றவர்களிடம் பலன் அதிகம். ஆனால் எனக்கு வியப்பு தந்தது வேறு: மூளைப்பயிற்சி மட்டும் பெற்றவர்களிடமும் உடல் நலிவு குறைந்தது!

வாய்மொழித் தேர்வில் முதியோரை எப்படிக் கவனிப்பாய் என்று கேட்டால், "நீங்க உக்காருங்க பாட்டி, எல்லாத்தையும் நானே செய்றேன்னு சொல்வேன்" என்கிறார்கள் பிள்ளைகள். பாசம்தான். ஆனால் அந்த நாற்காலியில்தான் நலிவு தொடங்குகிறது. "பாட்டியோட ஈரச்சந்தைக்கு நடந்து போவேன், மீன்காரர்கிட்ட கணக்கு அவங்களே பாக்கட்டும்னு விடுவேன்" என்று ஒரு மாணவர் சொன்னால், நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.