மாறிய முகப்பும் பழகிய கையும்



புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த ஓர் ஊரில் அரசினர் பாடசாலை அதிபராகப் பணியாற்றுபவன் நான். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன் பேச வந்தால் மீனைப் பற்றியோ உப்பைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ அலுவலக மேசைமீது இருக்கும் கணினியைப் பற்றியது.

எங்கள் அலுவலகத்தில் எழுதுவினைஞர் ஒருவர் இருக்கிறார். அவர் ஓய்வு பெறுவதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகளே உள்ளன. தட்டச்சுப் பொறியிலே தொழில் தொடங்கி, நடுவயதிலே கணினிக்கு மாறி, அதனையும் தம் வசப்படுத்திக்கொண்டவர். ஒருநாட் காலை, கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லவேண்டிய பழைய மாணவன் ஒருவன் நற்சான்றிதழ் கேட்டு வந்தான். பத்து மணிப் பேருந்தை அவன் பிடிக்கவேண்டும். பத்து நிமிட வேலைதான். ஆயினும் அரைமணி கடந்தும் சான்றிதழ் வரவில்லை. உள்ளே சென்று பார்த்தேன். திருத்தத்துக்குப் போயிருந்த கணினி முதல் நாள்தான் திரும்பி வந்திருந்தது. அதில் எழுத்துச் செயலியின் பழைய பதிப்பு நீங்கிப் புதிய பதிப்புக் குடியேறியிருந்தது. கட்டளைகள் யாவும் இடம் மாறிக் கிடந்தன.

"இத்தனை வருடம் செய்த வேலைதானே, இதற்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் எழுந்து நின்றார். "வேலை மறக்கவில்லை, சேர். வைத்த இடத்தில் ஒன்றையும் காணவில்லை," என்றார். நான் அமர்ந்து தேடினேன். எனக்கும் அகப்படவில்லை. பத்தாந் தரத்து மாணவி ஒருத்தியை அழைத்தோம். ஒரு நிமிடத்திற் காட்டித் தந்தாள். அதற்குள் பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்திற் சென்ற மாணவன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான் என்று பின்னர் அறிந்து ஆறுதலடைந்தேன். ஆனால் எழுதுவினைஞரின் முகம் என் மனத்தைவிட்டு அகலவில்லை.

கை பழகிய வேலையை நாம் சொற்களால் நினைவில் வைத்திருப்பதில்லை, இடத்தாலேயே வைத்திருக்கிறோம். திசையறியும் கருவிகள் படகுகளுக்கு வருமுன், நம் கரையோர மீனவர் கோயிற் கோபுரத்தையும் உயர்ந்ததொரு தென்னையையும் நேர்கோட்டிற் கண்டு, தாம் நிற்குமிடத்தைத் துணிந்தனர். ஓரிரவில் அக்கோபுரத்தை யாரேனும் பெயர்த்து வைத்துவிட்டால், அனுபவமிக்க மீனவனே முதலில் வழிதவறுவான். புதிதாகக் கடலுக்கு வந்தவனுக்கு அதனால் இழப்பில்லை. அவனிடம் இழப்பதற்குப் பழக்கமே இல்லை. முகப்பு மாறும்போது தேர்ந்தவன் தடுமாற, கற்றுக்குட்டி தடுமாறாதிருப்பதன் காரணம் இதுதான்.

இஃது எங்கள் ஒரு பாடசாலையின் கதை மாத்திரமன்று. உலகெங்கும் பேசப்பட்ட உதாரணம் ஒன்று உண்டு. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது ஒபிஸ் மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிட்டது. பல்லாண்டுகளாகத் திரையின் மேற்புறத்தில் இருந்த பட்டிகளையும் கருவிப்பட்டைகளையும் வேர்ட், எக்செல் போன்றவற்றிலிருந்து நீக்கி, அவ்விடத்தில் 'நாடா' எனப்படும் அகன்ற பட்டையொன்றை அமைத்தது. பழைய பட்டிகளுக்குத் திரும்பும் வழி அப்பதிப்பில் வைக்கப்படவில்லை. அச்சிடும் கட்டளையோ இடது மூலையிலிருந்த வட்டச் சின்னமொன்றின் கீழ் அமர்ந்திருந்தது. அதனை வெறும் அலங்காரம் என்று எண்ணியோர் பலர். பழைய பட்டிகளை மீட்டுத்தரும் துணை மென்பொருள்களைச் செய்து விற்போர்கூடத் தோன்றினர்.

மாற்றியவர்களிடமும் நியாயம் இருந்தது. வேர்ட் செயலியின் முதற் பதிப்பிலே ஏறத்தாழ 100 கட்டளைகளே இருந்தன. 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை 1,500ஐக் கடந்துவிட்டன. கருவிப்பட்டைகளும் 30க்கு மேல் பெருகிவிட்டன. சிறு கடைக்கென்று செய்த அலுமாரியிலே பெருங் களஞ்சியத்தை அடைத்த கதைதான். ஏற்கெனவே உள்ளே இருக்கும் வசதிகளையே 'சேர்த்துத் தாருங்கள்' என்று பயனாளர் கேட்கும் நிலை உண்டாயிற்று. நாம் அன்றாடம் கையாளுவனவோ மிகச் சில. ஒட்டுதல், சேமித்தல், பிரதி செய்தல், செய்ததை மீட்டல், எழுத்தைத் தடிப்பாக்கல் ஆகிய ஐந்துமே 2003ஆம் ஆண்டு வேர்ட்டில் வழங்கப்பட்ட கட்டளைகளில் 32 வீதம் என்று அந்நிறுவனத்தாரின் கணக்குக் கூறிற்று. மறைந்து கிடப்பவற்றை மேலே கொணர வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். புதிதாகக் கற்போருக்கு அது நன்மையே செய்தது. எங்கள் மாணவி ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்ததும் அதனாலேதான்.

எனினும் நன்மை ஒருவருக்குச் சேர, அதற்குரிய விலையை மற்றொருவர் கொடுக்க நேர்ந்தது. அந்த விலை பணமன்று. ஒருவர் தமது தொழிலிலே கொண்டிருந்த தன்னம்பிக்கை. இருபது வருடப் பழக்கத்தை ஒரே காலையில் இழந்து, மாணவியின் முன் கைகட்டி நிற்கும் நிலை வந்தால், எவருக்கும் உள்ளம் சுருங்கும்.

அப்படியாயின், மாற்றமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. நம் தமிழ் எழுத்தின் வரலாற்றிலேயே வேறொரு மாற்றத்தைக் காண்கிறோம். இலங்கை அலுவலகங்களிற் பெருவழக்காக இருந்தது பாமினி எழுத்துரு. அதன் விசை ஒழுங்கு பழைய தட்டச்சுப் பொறியை ஒத்திருந்தமையால், தட்டச்சாளர் எளிதிற் பழகிக்கொண்டனர். ஆனால் திரையிலே 'தமிழ்' என்று தெரிந்த சொல், கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்பட்டது. அவ்வெழுத்துரு இல்லாத கணினிக்கு அனுப்பினால், கடிதம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். ஒருங்குறி முறையோ தமிழ் எழுத்துக்களுக்கெனத் தனி எண்களை வழங்கியது. 1991ஆம் ஆண்டு வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இன்று ஒருவர் எழுதியதை உலகின் எம்மூலையிலும் தமிழாகவே படிக்கவும் தேடவும் முடிகிறது.

இம்மாற்றத்தில் ஒரு நுட்பம் உண்டு. பாமினி விசை ஒழுங்கிலேயே தட்டி, ஒருங்குறி எழுத்தைப் பெறும் கருவிகளையும் அறிஞர்கள் ஆக்கித் தந்தனர். உள்ளே அடித்தளம் முற்றாக மாறியது. விரல்கள் பழகிய இடத்திலேயே இருந்தன. மாற்றம் செய்வோர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான் என்பேன். கதவைப் புதிதாக்கலாம், பழைய வாசலைச் சில காலமாவது திறந்து வைத்திருத்தல் வேண்டும். அந்நிறுவனமும் 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலே வட்டச் சின்னத்தை நீக்கி, 'கோப்பு' என்ற பழைய பெயரை மீண்டும் இட்டது. நாடாவைப் பயனாளர் தம் விருப்பப்படி ஒழுங்குசெய்யவும் இடமளித்தது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் மென்பொருளிலோ பழைய பட்டி முறையும் நாடா போன்ற முறையும் உள்ளன, வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம்.

இவ்வாறு தடுமாறுவோருக்கு இரண்டு யோசனைகள் கூறுவேன். முகப்பு மாறினாலும் விசைப்பலகைக் குறுக்குவழிகள் பெரும்பாலும் மாறுவதில்லை. கொன்ரோல் விசையுடன் பி என்ற எழுத்தை அழுத்தினால் அச்சிடலாம், எஸ் சேமிக்கும், இஸட் தவறை மீட்கும். இரண்டாவது, அடிக்கடி வேண்டும் கட்டளையின்மேற் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால், அதனை விரைவு அணுகல் பட்டையிற் சேர்க்கும் வழி காணப்படும். அங்கே சேர்த்தவை என்றும் கண்முன் நிற்கும்.

அன்று மாலையே எழுதுவினைஞரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, சேர்" என்றார். மறுவாரம் அந்த மாணவி, அவருக்கு வேண்டிய கட்டளைகள் புதிய முகப்பில் இருக்கும் இடங்களை ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக் கொடுத்தாள். அவர் அவளுக்கு உத்தியோகக் கடிதம் எழுதும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். அத்தாள் இன்னும் அங்கே இருக்கிறது. அவர் இப்பொழுது அதனைப் பார்ப்பதில்லை. கை மீண்டும் பழகிவிட்டது.