தென்னைக்கு வைத்த உரம் ஆட்டுக்கு எமனானது!

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு தென்னை மரங்கள் உள்ளன. 2023 ஆடி மாதம் குரும்பை எல்லாம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா, 'யூரியாவும் கல் உப்பும் போடு, காய் நிக்கும்' என்றார். காட்டுக்கு வாங்கியதில் மீதி இருந்த யூரியாவை உப்போடு கலந்து, மரத்துத் தூரில் கொட்டினேன். 'சாயந்திரம் தண்ணி விட்டுக்கலாம்' என்று சமையலைப் பார்க்கப் போய்விட்டேன்.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக இரண்டு மேச்சேரி ஆடுகள் வளர்த்து வந்தோம். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தவை, உப்பு ருசிக்கு அதை நக்கியிருக்கின்றன. கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, காலை உதைத்துக்கொண்டு விழுந்துவிட்டன. கால்நடை டாக்டர் ஓடி வந்து, வினிகரைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து புகட்டினார். ஒன்று பிழைத்தது. சினையாக இருந்தது போய்விட்டது.

யூரியா ஆடு, மாட்டின் வயிற்றில் அம்மோனியாவாக மாறி, ரத்தத்தில் கலந்து கொன்றுவிடுமாம். வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே, கசப்புக்கு ஆடு தொடாது என்று நினைத்தது என் தப்பு.

அத்தை என்னைத் திட்டவில்லை. 'எருவைப் போட்டிருந்தா மோந்துட்டுப் போயிருக்கும்' என்று மட்டும் சொன்னார். அதுதான் மனதைக் குத்தியது.

இப்போது வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற அளவுப்படிதான் போடுகிறேன். ஐந்து வயதுக்கு மேற்பட்ட மரம் ஒன்றுக்கு, வருடத்துக்கு மக்கிய தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. ரசாயன உரத்தை ஆனி-ஆடியில் பாதி, மார்கழி-தையில் பாதி என்று பிரித்துப் போட வேண்டும். தூரில் குவிக்கக் கூடாது. மரத்தைச் சுற்றி 6 அடி தூரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, உரத்தைப் பரவலாகத் தூவி, மண்ணோடு கொத்திவிட்டு, உடனே தண்ணீர் விட வேண்டும். அதுவரை ஆடு, மாட்டைக் கட்டியே வையுங்கள்.

இன்னொன்று. யூரியா கரைத்த வாளியில் ஆடு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டாதீர்கள். அந்தச் சாக்கில் தவிடு, புண்ணாக்கு கட்டி வைக்காதீர்கள். பார்க்க ஜவ்வரிசி மாதிரியே இருப்பதால், சமையலறைப் பக்கமே கொண்டு வராதீர்கள்.

தென்னம்பிள்ளைக்கு வைக்கிற சோறு வாயில்லா ஜீவனுக்கு விஷமாகிவிடக் கூடாது, தோழிகளே!

— ஒரு வாசகி, மேச்சேரி.