சிறுநீரக நோயும் உணவுக் கணக்கும்

கையொப்பம் வேறுபடுகிறது என்ற காரணத்தைக் காட்டிக் காசோலையைத் திருப்பி அனுப்புவது எங்கள் தொழிலில் அன்றாட நிகழ்ச்சி. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பணிக்காலத்தில் நானே அப்படி எத்தனையோ காசோலைகளைத் திருப்பியிருக்கிறேன். முதுமை, கைநடுக்கம், அவசரம் என்று ஏதேனும் ஒரு காரணத்தை மனத்துக்குள் எண்ணிக்கொண்டதோடு சரி. என் மாமனாரின் பணம் எடுக்கும் படிவம், அவருடைய ஓய்வூதியக் கணக்கு இருந்த கிளையிலிருந்து அதே காரணத்துக்காகத் திரும்பி வந்தபோதுதான், தளர்ந்துபோன ஒரு கையொப்பத்துக்குப் பின்னால் பல மாதப் பட்டினி இருக்கக்கூடும் என்பதை அறிந்தேன். பட்டினி என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். மூன்று வேளையும் உணவு பரிமாறப்பட்டது.

அப்போது நான் நாக்பூரில் பணியிலிருந்தேன். மாமனாருக்கு நெடுங்காலமாக நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. நம் நாட்டில் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு முதன்மையான காரணங்கள் இவ்விரண்டுமே. சிறுநீரகங்களின் வடிகட்டும் திறனைக் குறிக்கும் அளவு மூன்று மாதங்களுக்கு மேலாக 60-க்குக் கீழே நின்றாலோ, சிறுநீரில் அல்புமின் தொடர்ந்து கசிந்தாலோ அது நாட்பட்ட நோய் எனக் கொள்ளப்படுகிறது. அளவு 30-க்குக் கீழே இறங்கினால் நான்காம் நிலை. 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை. மாமனாருக்கு நோய் தெரியவந்தபோது நான்காம் நிலையை எட்டியிருந்தார். அதுவரை வலியோ வேறு அறிகுறியோ எதுவுமில்லை. நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ள வாசகர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் ஆகிய இரண்டையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அதற்கு ஆகும் செலவு பெரிதன்று.

நான்காம் நிலையில் மருத்துவமனையில் ஓர் உணவுப் பட்டியல் தந்தார்கள். நாளொன்றுக்குப் புரதம் 40 கிராம், பருப்பு குறைவாக, பால் ஒரு குவளை, உப்பு மொத்தம் ஒரு தேக்கரண்டிக்குள், அப்பளம், ஊறுகாய் கூடாது. பட்டியலில் பிழை ஏதுமில்லை. நலிந்த சிறுநீரகங்கள் புரதக் கழிவை வெளியேற்றத் திணறும். ஆகவே டயாலிசிஸ் தொடங்காத நிலையில், நீரிழிவு உள்ளவர்க்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் போதும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். நீரிழிவு இல்லாதவர்க்கு இன்னும் சற்றுக் குறைவு. அவருடைய 62 கிலோ எடைக்கு 40 கிராம் பொருத்தமான அளவே. மாமியார் அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, வங்கி விதிமுறையைக் கடைப்பிடிக்கும் காசாளரைப்போல ஒரு கிராமும் பிசகாமல் சமைத்தார்.

ஓராண்டுக்குப் பின் ஒரு நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு அவரைக் கொண்டுசேர்த்தோம். வாரம் மும்முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என டயாலிசிஸ் தொடங்கியது. கழுத்தில் குழாய், பிறகு இடக்கையில் இரத்தக்குழாய் இணைப்பு, ஊசி, மருந்துச் சீட்டு என்று அந்த நாள்கள் கடந்தன. குளிர்பதனப் பெட்டியின் தாளைப் பற்றி யாரும் பேசவில்லை. மருத்துவமனையிலும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எட்டு மாதங்கள் அதே தாள்படி அவர் உண்டார்.

எங்கள் வீட்டில் நேர்ந்த தவறு இதுதான். டயாலிசிஸ் தொடங்கியவுடன் புரதக் கணக்கு தலைகீழாகிறது. கழிவை இயந்திரம் எடுத்துவிடுகிறது; கூடவே ஒவ்வொரு முறையும் சில கிராம் அமினோ அமிலங்களையும் எடுத்துச் சென்றுவிடுகிறது. உடலின் அழற்சியும் தசையைக் கரைக்கிறது. ஆகவே டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கிலோ ஒன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். முன்பு சொன்ன அளவைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நேற்றுவரை மருந்தாக இருந்த கட்டுப்பாடு இன்று கேடாக மாறுகிறது. தாளோ கதவிலிருந்து நகரவில்லை.

நாங்கள் கவனிக்கவே இல்லையா என்று கேட்கலாம். கவனித்தோம், கவனித்த எண்கள் எங்களை ஏமாற்றின. வீட்டு எடைப்பொறி 61 என்றே காட்டியது. ஒரே ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது என்று ஆறுதலடைந்தோம். வங்கியில் இருப்பவனுக்கு இது விளங்கியிருக்க வேண்டும். கணக்கில் காட்டும் இருப்பு வேறு, எடுக்கத்தக்க இருப்பு வேறு. வசூலாகாத காசோலைத் தொகையும் சேர்ந்துதான் முதல் எண் பெரிதாகத் தெரியும். சிறுநீர் குறைந்த உடலில் நீர் தேங்கி நிற்கிறது. தசை கரைந்த இடத்தை நீர் நிரப்பி எடையைச் சமன்செய்துவிடுகிறது. டயாலிசிஸ் முடிந்து, தேங்கிய நீர் முழுவதும் நீங்கிய பின் நிற்கும் எடையே மெய்யான எடை. அதை உலர் எடை என்பார்கள். அவருடைய உலர் எடை 54.

இரண்டாவது எண் கிரியாட்டினின். டயாலிசிஸுக்கு முன் எடுத்த இரத்தத்தில் அது மாதந்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வந்தது. நல்ல செய்தி என்று சென்னையிலிருந்த மைத்துனருக்குத் தொலைபேசியில் சொன்னவன் நானே. கிரியாட்டினின் தசையிலிருந்து பிறப்பது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அது காரணமின்றிக் குறைந்துகொண்டே போனால் தசை தேய்கிறதோ என்று ஐயுற வேண்டும். விற்பனை வீழ்ந்த கடையில் கொள்முதல் கடனும் குறையும். அதைக் கண்டு கடன் தீர்கிறது என்று எந்த வங்கியாளரும் மகிழமாட்டார். நான் மகிழ்ந்தேன்.

கையொப்பம் திரும்பி வந்த வாரத்தில், வேறொரு மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகளுக்கென்றே இருந்த உணவியல் வல்லுநரிடம் அவரை அழைத்துச் சென்றோம். நடுத்தர வயது மராத்தியப் பெண்மணி. ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவர் செய்ததை விரிவாகச் சொல்வது பயன்படும் என எண்ணுகிறேன். ஏனெனில் ஊட்டநிலை மதிப்பீடு என்றால் இரத்தப் பரிசோதனை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படியே நினைத்துக் கோப்பு நிறைய அறிக்கைகளைத் தூக்கிச் சென்றிருந்தேன். அவர் அதை ஒருபுறம் வைத்துவிட்டு, மாமனாரைப் பார்த்து, “காகா, கடைசியாக எப்போது பசித்தது?” என்று கேட்டார்.

ஆறு மாதங்களில் எடை எப்படி மாறியது, முன்பு உண்டதில் எவ்வளவு உண்கிறார், குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் உண்டா, மாடிப்படி ஏற முடிகிறதா, குளிக்க உதவி வேண்டுமா என வினாக்கள் தொடர்ந்தன. பிறகு கையால் தொட்டுப் பார்த்தார். நெற்றிப்பொட்டுக் குழி, கழுத்தெலும்பின் துருத்தல், தோள்பட்டையின் வளைவு, கண்ணுக்குக் கீழுள்ள கொழுப்பு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தசை, கணுக்கால் வீக்கம். விலை உயர்ந்த கருவி எதுவுமின்றி, வினவியும் தொட்டும் செய்யும் இந்த மதிப்பீட்டு முறையை 1987-இல் கனடாவின் டொரன்டோ நகர மருத்துவர்கள் வகுத்து வெளியிட்டார்கள். பின்னர் சிறுநீரக நோயாளிகளுக்கென ஏழு படிகள் கொண்டதாக அது விரிக்கப்பட்டது. ஏழு என்றால் நல்ல ஊட்டம்; ஒன்று என்றால் கடும் நலிவு. மாமனாருக்கு அவர் இட்ட மதிப்பெண் மூன்று.

அடுத்து மேல்கையின் சுற்றளவை நாடாவால் அளந்தார். இரத்தக்குழாய் இணைப்பு இல்லாத வலக்கையில் ஒரு சிறு கருவியைத் தந்து இயன்றவரை அழுத்தச் சொன்னார். பிடிவலிமையை அளக்கும் கருவி அது. முள் நகர்ந்த தொலைவைப் பார்த்ததும், அவர் கேட்காமலேயே, வங்கியிலிருந்து திரும்பி வந்த படிவத்தின் கதையைச் சொன்னேன். “தசை குறைவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பிடி தளரும், பேனாவும் பிடிதானே” என்றார்.

இரத்த அறிக்கைகளைக் கடைசியாகத்தான் புரட்டினார். அல்புமின் குறைந்திருந்தது, ஆனால் தொற்றோ அழற்சியோ இருந்தாலும் அது குறையும் என்பதால் அதை மட்டும் நம்பி ஊட்டத்தைத் தீர்மானிக்கக்கூடாது என்று விளக்கினார். மூன்று நாள் உணவை எழுதி வரச் சொன்னார். டயாலிசிஸ் நாள் ஒன்று, இடைநாள் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. வீட்டுக் கிண்ணத்தையும் கரண்டியையும் கொண்டுவரச் சொல்லி அவற்றின் கொள்ளளவைத் தாமே அளந்துகொண்டார். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையைக்கொண்டு கூட்டிப் பார்த்தபோது, புரதம் 30 கிராம். ஆற்றல் 1,100 கலோரி. தாளில் கண்ட 40 கிராம்கூட உள்ளே போகவில்லை. டயாலிசிஸ் நாள்களில் காலை ஏழுக்குப் புறப்பட்டுப் பிற்பகல் திரும்பும்வரை அவர் வயிற்றில் தேநீர் மட்டுமே இருந்தது என்பது அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. மாமியார் அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

புதிய திட்டம் 60 கிராம் புரதம், 1,800 கலோரி. கிலோ ஒன்றுக்கு 25 முதல் 35 கலோரி வரை என்பது பொதுக்கணக்கு. ஆற்றல் போதாவிட்டால் உண்ணும் புரதத்தையும் உடல் விறகாக எரித்துவிடும். இங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. மாமனார் பிறவிச் சைவர். முட்டையின் வெண்கரு ஒன்றில் மூன்றரைக் கிராம் அளவுக்கு நல்ல புரதம், பாஸ்பரஸோ மிகக் குறைவு, விலையும் மலிவு. இத்தகைய நோயாளிகளுக்கு அதைப்போல் எளிய வழி வேறில்லை. “மாப்பிள்ளை, இத்தனை வயதுக்கு மேல் அது வேண்டாம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். வல்லுநர் வற்புறுத்தவில்லை. வீட்டில் திரித்த பன்னீர், கெட்டித் தயிர், பாசிப்பருப்பு, அளந்த சோயா உருண்டை என்று மாற்றி எழுதினார். பாலிலும் பருப்பிலும் பாஸ்பரஸ் கூடுதல் என்பதால் அதை உணவிலேயே பிடித்துவைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டின் நடுவே விழுங்க வேண்டும் என்றார். அதுவரை அவர் அந்த மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுவந்தார். பிடிப்பதற்கு அங்கே உணவே இல்லை. கோலா பானங்களிலும் பதப்படுத்திய பாலாடைக் கட்டியிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதும் உடலில் சேர்வது, பருப்பிலுள்ளதோ அப்படியன்று. எனவே பருப்பை அஞ்சி ஒதுக்கிவிட்டுப் புட்டிப் பானத்தை அருந்துவது அறிவீனம்.

நாக்பூரில் குளிர்காலம் என்றால் ஆரஞ்சுக் காலம். தெருவெங்கும் வண்டிகள், பக்கத்து வீட்டார் கூடையோடு வருவார்கள். பொட்டாசியம் மிகுந்த பழம் அது. சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் எந்த முன்னறிவிப்புமின்றி இதயத் துடிப்பை நிறுத்திவிட வல்லது. வாரத்தில் டயாலிசிஸ் இல்லாமல் இரண்டு நாள் சேர்ந்து வரும் இடைவெளி குறிப்பாக ஆபத்தானது. இளநீர், வாழைப்பழம், தக்காளிச் சாறு, கீரைச் சூப்பு ஆகியவற்றையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும். உடலுக்குக் குளிர்ச்சி என்று நாம் அன்போடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளநீர் இந்நோயாளிக்கு நஞ்சாகலாம். நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதிலுள்ள ஒரு பொருள் மூளையைத் தாக்கும். காய்களைச் சிறிதாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, நீரை வடித்து, மீண்டும் நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். ஆப்பிள், கொய்யா, பப்பாளி எல்லாமே கூடாதா என்று கேட்டதற்கு, ஆப்பிளில் பாதி, அதுவும் மாத அறிக்கையைப் பார்த்து என்றார் வல்லுநர். எல்லார்க்கும் பொருந்தும் ஒரே பட்டியல் கிடையாது. பொட்டாசியம் குறைந்துபோகும் நோயாளிகளும் உண்டு.

உப்பு பற்றி ஒரு சொல். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இந்நோயாளிக்கு அது இரட்டைக் கேடு. இந்துப்பு நல்லது என்பாரும் உளர். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே.

செலவைப் பற்றி எழுதாவிட்டால் வங்கியாளன் எழுதிய கட்டுரை ஆகாது. மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் அளிக்கும் பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர்க்குக் கட்டணமில்லை. 70 வயது நிறைந்த எவரும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேரலாம் என்பது 2024 அக்டோபர் இறுதியிலிருந்து நடைமுறை. தனியார் காப்பீட்டில், முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேற்படக்கூடாது என்று 2024-இல் விதி திருத்தப்பட்டது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவில் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பும் இடம்பெற்றிருந்தது. அப்பிரிவின்படி, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தோர் 40,000 ரூபாய் வரையிலும், மூத்த குடிமக்களின் சிகிச்சைக்கு 1,00,000 ரூபாய் வரையிலும் கழிவு கோர முடிந்தது. சிறப்பு மருத்துவரின் சீட்டு தேவைப்பட்டது. ஆனால் வீட்டில் உண்ணும் பன்னீருக்கும் பருப்புக்கும் எந்தக் காப்பீடும் பொதுவாகப் பணம் தருவதில்லை. டப்பாவில் வரும் புரதமாவின் விலையைக் கண்டு திகைத்த எனக்கு, வாய்வழி உண்ண முடிகிறவரை அது கட்டாயமில்லை என்று வல்லுநர் சொன்னது பெரும் ஆறுதல்.

கையொப்பமிட இயலாத வாடிக்கையாளர்களுக்கு ரிசர்வ் வங்கியின் நெறிமுறை உண்டு என்பதையும் இங்கே குறிப்பிடலாம். பெருவிரல் ரேகை பெற்று, வங்கி அறிந்த இரு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் அவசியம். அந்தக் கிளை அலுவலரும் இதையே எங்களுக்குச் சொன்னார். மாமனார் மறுத்துவிட்டார். ரேகை வைப்பதைவிடப் பணம் எடுக்காமலே இருப்பேன் என்றார்.

டயாலிசிஸ் நாள்களில் கையோடு இரண்டு இட்லியும் பன்னீர்ப் பொட்டலமும் போயின. முதல் மாதம் பாதி திரும்பி வந்தது. இரண்டாம் மாதம் பொட்டலம் காலியாக வந்தது. நான்கு மாதங்களில் உலர் எடை 56 ஆயிற்று; மதிப்பெண் ஐந்து; கிரியாட்டினின் சற்று ஏறியது, இம்முறை யாரும் கவலைப்படவில்லை. நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்கக் கிளைக்குச் சென்றபோது பணம் எடுக்கும் படிவத்தையும் தாமே எழுதினார். கடைசி எழுத்து மட்டும் இன்னும் சற்றுக் கீழே சரிந்திருந்தது. காசாளர் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டுகளை எண்ணத் தொடங்கினார். மாதிரிக் கையொப்பத்தை மாற்றுவதற்காக நான் வாங்கி வைத்திருந்த படிவம், நிரப்பப்படாமல் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.