செந்துருணியின் புதிய அந்துப்பூச்சி

புளியறை சோதனைச்சாவடியைத் தாண்டி கொல்லம் சாலையில் மலையேறினால் முதலில் ஆரியங்காவு வரும், அப்புறம் தென்மலை. சாலைக்குத் தெற்கே கேரளப் பக்கம் பரந்து கிடக்கும் காடுதான் செந்துருணி வனவிலங்குச் சரணாலயம். குற்றால மலையின் மறுபக்கம் என்றால் தென்காசிக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். இது மனிதக் கண் படாத மூலை அல்ல. 1904-லேயே இங்குள்ள செங்கோட்டைக் கணவாயில் மலையைக் குடைந்து ரயில் விட்டார்கள். இன்றைக்கும் சரக்கு லாரிகள் இரவெல்லாம் ஏறி இறங்குகின்றன. அப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் 2017-ல் அறிவியல் அதுவரை அறியாத ஓர் அந்துப்பூச்சி வெளியுலகுக்கு வந்தது. யாஷ் சோந்தி, இயன் கிட்சிங், கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட குழுவினர் ‘ஜூடாக்சா’ ஆய்விதழில் அதை விவரித்து, காட்டின் பெயரையே சேர்த்து ‘தெரெட்ரா ஷெண்டுர்ணியென்சிஸ்’ என்று பெயரிட்டார்கள்.

இது ‘ஹாக் மாத்’ எனப்படும் பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கூரிய சிறகு, பருத்த உடல், அசுர வேகம். இந்தக் குடும்பத்தில் பல பூச்சிகள் பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கும். தெரெட்ரா பேரினத்துப் புழுக்களை வயல்காட்டில் வேலை செய்பவர்கள் பார்த்திருப்பார்கள். சேம்பு இலையையும் காசித்தும்பையையும் மேயும் தடித்த புழு, பக்கவாட்டில் கண் போன்ற புள்ளிகள், வால்பக்கம் ஒரு கொம்பு. தொட்டால் ஒன்றும் செய்யாது.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட அந்துப்பூச்சிகள் ஏறத்தாழ 1,40,000. அவற்றில் பருந்து அந்துப்பூச்சிகள் சுமார் 1,450 மட்டுமே. பெரிதாகவும் அழகாகவும் இருப்பதால் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஜார்ஜ் ஹாம்ப்சன், 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். 1937-ல் பெல், ஸ்காட் இருவரும் எழுதிய ஐந்தாம் தொகுதி முழுக்க முழுக்க பருந்து அந்துப்பூச்சிகளுக்கே ஒதுக்கப்பட்டது. இவ்வளவு அலசப்பட்ட குடும்பத்திலேயே ஒன்று மேலும் 80 ஆண்டுகள் பெயரில்லாமல் பறந்திருக்கிறது என்றால், விரல்நகம் அளவுகூட இல்லாத சிறு அந்துப்பூச்சிகளில் இன்னும் எத்தனை பெயரில்லாமல் இருக்கும்!

புதிய இனம் என்றால் காட்டில் ஒருவர் முதன்முறையாகப் பார்ப்பது என்றே பலரும் எண்ணுகிறோம். பார்ப்பது சின்ன வேலை. ‘இது இதுவரை பெயர் பெற்ற எதுவும் அல்ல’ என்று நிரூபிப்பதுதான் மலையளவு வேலை.

நிலவில்லாத இரவில் காட்டோரம் ஒரு வெள்ளை வேட்டியையோ திரையையோ கட்டி, பாதரச விளக்கோ புற ஊதா விளக்கோ போடுவார்கள். நள்ளிரவுக்குள் திரை நிறைந்துவிடும். வந்து உட்காரும் ஒவ்வொன்றையும் படமெடுப்பார்கள். எதோடும் பொருந்தாத ஒன்று தென்பட்டால் ஒரு சில மாதிரிகளைச் சேகரிக்க வேண்டும். சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியையும் எடுக்க முடியாது. அது சரியான விதியும்கூட.

அடுத்து ஆய்வுமேசை. தெரெட்ரா போன்ற பேரினங்களில் சிறகின் கோடும் நிறமும் ஏமாற்றும். வெளிறிய பழைய பூச்சி ஒன்று வேறு இனம்போலவே தோன்றும். ஆகவே வயிற்றுப் பகுதியைப் பிரித்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைக்கிறார்கள். சதை கரைந்து, இனப்பெருக்க உறுப்பின் கடினமான பாகங்கள் மட்டும் மிஞ்சும். ஆண் பூச்சி பெண்ணைப் பற்றிக்கொள்ளும் அந்த உறுப்பின் வடிவம் பெரும்பாலும் இனத்துக்கு இனம் மாறும். நுண்ணோக்கியில் அதைப் பார்த்து வரைந்து, நெருங்கிய இனங்களோடு ஒப்பிடுகிறார்கள். இப்போதெல்லாம் ஒற்றைக் காலைக் கிள்ளி எடுத்து மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்தும் ஒப்பிடுகிறார்கள்.

அதற்குப் பிறகும் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டும். விலங்குகளின் அறிவியல் பெயர்க் கணக்கு 1758-ல் தொடங்குகிறது. எப்போதோ யாரோ இதே பூச்சிக்குப் பெயர் வைத்திருந்தால் முதலில் வைத்த பெயரே செல்லும். இந்தியப் பூச்சிகளின் மூல மாதிரிகள் பலவும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பருந்து அந்துப்பூச்சிகளில் உலகறிந்த வல்லுநரான கிட்சிங் பணியாற்றியதும் அங்கேதான். புதிய இனத்துக்கும் அப்படி ஒரு மாதிரியைத் தேர்ந்து அருங்காட்சியகத்தில் வைத்தாக வேண்டும். நிலத்துக்கு மூலப்பத்திரம் எப்படியோ, அப்படித்தான் ஓர் இனத்துக்கு இந்த மாதிரி. பின்னால் சந்தேகம் வந்தால் கடைசியில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

புதிய இனம் வேறு, புதிய பதிவு வேறு. 1893-ல் ஹாம்ப்சன் இலங்கையிலிருந்து விவரித்த ‘மிமியூசெமியா சிலோனிகா’ என்ற அந்துப்பூச்சி, 127 ஆண்டுகள் கழித்து 2020-ல் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் தென்பட்டது. இந்தியாவுக்கு அது புதிய பதிவு. அறிவியலுக்குப் பழைய பெயர். ஆனாலும் முக்கியத்துவத்தில் இது குறைந்ததல்ல. நம் தென்மலைகளுக்கும் இலங்கைக்கும் உள்ள பழைய உறவுக்கு அந்தப் பூச்சி ஒரு சாட்சி.

புளியறை இருக்கும் செங்கோட்டைக் கணவாயை உயிரியலாளர்கள் தனிக் கவனத்தோடு பார்க்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே தாழ்ந்து இடைவெளி விடுகிறது. பல உயிரினங்களுக்கு இது ஓர் எல்லைக்கோடு. தெற்கே எழுவது அகத்தியமலைத் தொகுதி. செந்துருணிக்குப் பெயர் தந்த செங்குறிஞ்சி மரம் அந்த வட்டாரத்துக்கே உரியது. மரங்களில் இப்படி என்றால் பூச்சிகளில் கேட்கவே வேண்டாம். மாநில எல்லை 1956-ல் கோடு போட்டுப் பிரித்தது. காடு இரண்டு பக்கமும் ஒன்றுதான். கேரளப் பக்கம் திரை கட்டி விளக்கு வைத்துத் தேடியதுபோல் புளியறை, பகவதிபுரம், குற்றாலம் பக்கமும் தேடினால் கிடைக்கக்கூடியது நிறைய உண்டு.

ஆண்டுதோறும் ஜூலை கடைசியில் ‘தேசிய அந்துப்பூச்சி வாரம்’ உலகின் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. குற்றாலத்தில் அது சாரல் காலம். செங்கோட்டை, தென்காசி வட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் அந்த வாரத்தில் ஓர் இரவு மழை ஓய்ந்த நேரமாகப் பார்த்து, வாசலில் வெள்ளைத் துணி கட்டி ஒரு விளக்கைப் போடுங்கள். வந்த பூச்சியைக் கொல்ல வேண்டாம். சிறகின் மேற்புறம் தெளிவாகத் தெரியும்படியும், முடிந்தால் அடிப்புறமும் படமெடுங்கள். தேதி, இடம், நேரம் மூன்றையும் தவறாமல் குறித்து ‘ஐநேச்சுரலிஸ்ட்’ தளத்தில் ஏற்றுங்கள். படத்தை மட்டும் வைத்துப் புதிய இனம் என்று அறிவிக்க முடியாதுதான். எங்கே தேட வேண்டும் என்று ஆய்வாளருக்குச் சொல்ல அந்தப் படம் போதும்.