டெபாசிட் போன கணக்கு

மேட்டூர் கே. பத்மராஜன், டயர் ரிப்பேர் கடைக்காரர். 1988-ல மேட்டூர் சட்டமன்றத் தொகுதியில ஆரம்பிச்சு, மக்களவை வரைக்கும் 200 தடவைக்கு மேல மனு போட்டவர். ஒண்ணுலயும் ஜெயிக்கல. அதிகபட்சமா 2011-ல மேட்டூரில் 6,273 ஓட்டு.

டெபாசிட் திரும்ப வரணும்னா செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல வாங்கணும். ஒன்றரை லட்சம் ஓட்டு விழுந்தா 25,000-க்கு மேல. சுயேச்சைக்கு அது எட்டாக்கனி.

இந்தத் தொகை ஏறினதுல நம்ம காங்கேயத்துக்குப் பக்கத்து மொடக்குறிச்சிக்கும் பங்கு உண்டு. 1996-ல விவசாயிகள் எதிர்ப்பைக் காட்ட மொத்தமா மனு போட, களத்துல 1,033 பேர். தேர்தலே தள்ளிப்போச்சு, வாக்குச்சீட்டை (சீட்டா அது?) புத்தகமா அடிச்சாங்க. அதே வருஷம் சட்டசபை டெபாசிட் 250-லிருந்து 5,000 ரூபாய் ஆச்சு. இப்ப 10,000, மக்களவைக்கு 25,000. பத்மராஜன் அதுக்கப்புறமும் நின்னாரு. பனியன் கம்பெனியில வாரச்சம்பளம் வாங்கற ஒருத்தர் நிக்கணும்னா ரெண்டு தடவை யோசிப்பார்.