உறங்கும் லேப்டாப் எழ மறுப்பது ஏன்?

இரவு நேரம். வேலைக்கு விண்ணப்பம் தயார் செய்கிறீர்கள். பாதி முடிந்துவிட்டது. "மீதியைக் காலையில் பார்க்கலாம்" என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துவிடுகிறீர்கள்.

காலையில் திறந்தால், லேப்டாப் புதிதாகத் தொடங்குகிறது. எழுதிய விண்ணப்பத்தைக் காணோம்!

என்ன காரணம்?

இரண்டு வகை உறக்கம்

விண்டோஸ் லேப்டாப் பலவற்றில் இரண்டு வகை உறக்கம் உண்டு. ஒன்று, "ஸ்லீப்". மற்றொன்று, "ஹைபர்னேட்".

ஸ்லீப் என்பது கோழித் தூக்கம். நீங்கள் செய்த வேலை, "ராம்" என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கும். அதைக் காப்பாற்றச் சிறிது மின்சாரம் வேண்டும். பாட்டரி தீர்ந்தால், சேமிக்காத வேலையும் போய்விடும்!

ஹைபர்னேட் அப்படி அல்ல. குளிர் நாடுகளில் முள்ளெலி பனிக்காலத்தை உறங்கியே கழிக்கும். அந்த உறக்கத்தின் பெயர்தான் இதற்கும்.

ராமில் இருப்பதை எல்லாம் லேப்டாப் வட்டில் எழுதி வைக்கிறது. பிறகு அணைந்துவிடுகிறது. பாட்டரி தீர்ந்தாலும் கவலை இல்லை. மறுபடி தொடங்கும்போது, விட்ட இடம் அப்படியே வரும்.

இப்படி எழுதி வைக்க இடம் வேண்டும். 8 ஜிபி ராம் இருந்தால், சுமார் 3 ஜிபி இடம் பிடிக்கும். "இடம் மிச்சம்" என்று சிலர் இந்த வசதியை நிறுத்திவிடுகிறார்கள். வேலை பறிபோக இதுவும் ஒரு காரணம்.

பட்டியலில் இல்லையா?

2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், அணைக்கும் பட்டியலில் ஹைபர்னேட் வழக்கமாகத் தெரிவதில்லை. அதை வரவழைக்கலாம்.

"கண்ட்ரோல் பேனல்" திறந்து, "பவர் ஆப்ஷன்ஸ்" போங்கள். இடது பக்கத்தில், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் வரி இருக்கும். அதை அழுத்துங்கள். அடுத்த பக்கத்தின் மேலே, "சேஞ்ச் செட்டிங்ஸ்" என்று தொடங்கும் வரியை அழுத்துங்கள். கீழே ஹைபர்னேட் கட்டத்தில் குறியிட்டுச் சேமியுங்கள்.

கட்டமே இல்லையா? தேடும் இடத்தில் சி, எம், டி என்ற ஆங்கில எழுத்துக்களைத் தட்டுங்கள். "கமாண்ட் பிராம்ப்ட்" வரும். அதன்மேல் மவுசின் வலது பொத்தானை அழுத்தி, "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பி, ஓ, டபிள்யூ, ஈ, ஆர், சி, எப், ஜி என்று சேர்த்து எழுதுங்கள். ஓர் இடைவெளி. ஒரு சாய்கோடு, அதை ஒட்டி எச். மறுபடி இடைவெளி. ஓ, என். பிறகு "என்டர்" அழுத்துங்கள். அவ்வளவுதான்!

எழவில்லையா?

அவசரப்படாதீர்கள். பழைய சுழலும் வட்டு என்றால், எழுதியதைத் திரும்பப் படிக்க நேரமாகும். சார்ஜரை மாட்டுங்கள். பவர் பொத்தானை ஒருமுறை மட்டும் அழுத்திச் சில நிமிடம் பொறுங்கள்.

திரை கறுப்பாகவே இருந்தால், பொத்தானைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இது கடைசி வழி. சேமிக்காத வேலை போய்விடும்!

அடிக்கடி இப்படி நடக்கிறதா? உறக்கக் கோப்பு கெட்டிருக்கலாம். முன் சொன்ன கட்டளையில் கடைசிச் சொல்லை ஓ, எப், எப் என்று மாற்றி நிறுத்துங்கள். பிறகு பழையபடி ஓ, என் கொடுங்கள். புதுக் கோப்பு உருவாகும்.

அதற்கும் மசியவில்லை என்றால், திரையை இயக்கும் "கிராபிக்ஸ் டிரைவர்" பழையதாக இருக்கலாம். லேப்டாப் தயாரித்தவர்களின் இணையதளத்தில் புதியதை எடுத்துப் போடுங்கள்.

பையில் வைக்கும் முன்...

ஸ்லீப்பில் உள்ள லேப்டாப் சில சமயம் பைக்குள்ளேயே விழித்துக்கொள்ளும். காற்று இல்லாமல் கொதிக்கும். பாட்டரியும் தீரும். வெளியூர் போகும்போது ஹைபர்னேட் செய்வதே நல்லது.

எந்த உறக்கமானாலும், மூடியைச் சாத்தும் முன் "கண்ட்ரோல்" விசையுடன் எஸ் எழுத்தை அழுத்திச் சேமித்துவிடுங்கள். ஒரு விநாடி வேலைதான். ஓர் இரவு உழைப்பு தப்பிக்கும்!